தீக்குச்சி பாயும் இரண்டு விரல் இடைவெளியும்

செஞ்சியில் தீக்குச்சி பாய் கொளுத்திப் பார்க்காத பொருள் ராஜகிரிக் கோட்டை ஒன்றுதான். அதுவும் கருங்கல் என்பதால் தப்பித்தது.

திண்டிவனம் ரோட்டில் காருக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். துணியோ ரப்பரோ எது வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி, தீக்குச்சி உரசி, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி உற்றுப் பார்ப்பார். கடையோடு நின்றால் பரவாயில்லை. பேத்தி நிக்காவுக்குச் சேலை எடுக்கப் போன இடத்திலும் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். ஜவுளிக்கடைக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். பாய் நிதானமாக, "நல்ல பட்டுதான், பில்லு போடுங்க" என்றார்.

இவரிடம்தான் என் பழைய அம்பாசிடரைக் கொண்டுபோய் விட்டேன். கல்யாணத்துக்கு முன்பு கோட்டைப் பக்கம் வந்து வீடியோ எடுக்கும் ஜோடிகளுக்குப் பழைய கார் என்றால் உயிர். என் பிழைப்பே அதுதான். ஆனால் வீடியோக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, உங்க வண்டியில பொண்ணு பேசறது மாப்பிள்ளைக்குக் கேக்க மாட்டுது. காலு வேற சுடுது, மேக்கப்பு வழியுது. வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வெறுங்காலால் காரின் தரையைத் தடவிக்கொண்டே கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

"இன்ஜினுக்கும் நமக்கும் நடுவுல ஒரு தகரம் இருக்குது பாரு, எல்லாம் அதுலருந்துதான் வருது டிரைவரே. சத்தத்த அடக்கணும்னா கனமா ஒட்டணும். சூட்ட அடக்கணும்னா கொஞ்சம் எடத்த ஒண்ணும் வைக்காம வுடணும். புரியுதா?"

"புரியுது பாய்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றை அடக்க ஒட்ட வேண்டுமாம், இன்னொன்றை அடக்க ஒட்டாமல் விட வேண்டுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவன், கூச்சம் வேறு. யார் எதைச் சொன்னாலும் 'புரியுது' என்று சொல்லியே நாற்பத்தெட்டு வயது வரை வந்துவிட்டேன்.

மூன்று நாள் வேலை நடந்தது. உள்பக்கத் தகரத்தில் கனமான கறுப்பு ஷீட்டை ஒட்டினார். இன்ஜின் பக்கத்துக்கு, அவர் ஊர் ஊராகத் தேடி வாங்கி வைத்திருந்த, வெள்ளித்தாள் போர்த்திய கண்ணாடி நார் விரிப்பு. அதில் ஒரு துண்டை முதலில் சும்மா கொளுத்தினார். பிறகு இன்ஜின் ஆயிலைத் தடவிக் கொளுத்தினார். எண்ணெய் மட்டும் எரிந்து அணைந்தது.

"இது எண்ணெ குடிக்கக் கூடாது டிரைவரே. குடிச்சா அது விரிப்பு இல்ல, வெளக்குத் திரி."

கடைசியில், வண்டி ஓடினால் கொதிக்கும் சைலன்சர் குழாய்க்கும் விரிப்புக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து நுழைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. சத்தம் பாதியாகியிருந்தது, காலும் சுடவில்லை. சும்மா இருந்திருக்கலாம். பானெட்டைத் திறந்தேன். அந்த இரண்டு விரல் சந்து கண்ணை உறுத்தியது. விரிப்பு பத்தாமல் விட்டுவிட்டாரோ? கேட்கலாம். கேட்டால் விளக்குவார். விளக்கினால் இன்னும் குழம்பும். வீட்டில் கிடந்த பழைய மெத்தையை அறுத்து, மஞ்சள் ஃபோம் பஞ்சை எடுத்துச் சந்து தெரியாமல் அடைத்தேன்.

"மெத்தைய இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

பாய் கைவைத்த எந்தக் காரின் முதல் ஓட்டத்திலும் அவர் கூடவே வருவார். மாற்ற முடியாத சட்டம் அது. வெள்ளிக்கிழமை முன் சீட்டில் நான், நடுவில் வெறுங்காலோடு பாய், ஜன்னலோரம் கேமராவைப் பின்பக்கம் திருப்பியபடி வீடியோக்காரர். பின்னால் ஜோடி. பெண் மெதுவாக, "கேக்குதா?" என்றாள். "கேக்குது" என்றான் மாப்பிள்ளை. வீடியோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

திண்டிவனம் ரோட்டில் வல்லம் நெருங்கும்போது பாயின் மூக்கு விடைத்தது.

"நிறுத்து."

"ஏன் பாய்?"

"நிறுத்துய்யா! எல்லாரும் எறங்குங்க, ஓடுங்க!"

பானெட்டைத் திறந்ததும் புகை. பாய் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பஞ்சைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். அது குப்பென்று பற்றி, சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது. மணப்பெண் பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குள், கடலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள்.

"யாருய்யா இத வச்சது? அஞ்சு உசுரு போயிருக்கும்!" வீடியோக்காரர் என் பக்கம் திரும்பினார். "டிரைவர் அண்ணே, இனிமே உங்க வண்டி..."

நான் ரோட்டில் எரியும் பஞ்சையே பார்த்தேன். பாய் என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதான் தம்பி. டெஸ்டுக்கு வச்சேன், எடுக்க மறந்துட்டேன். டிரைவருக்கு ஒண்ணுமே தெரியாது."

கடைசி வாக்கியம் மட்டும் முழு உண்மை.

என் வண்டியும் பிழைப்பும் தப்பித்தன. திரும்பும்போது பாய் இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது காலி எடம் இல்ல. இங்க காத்துதான் வேல செய்யுது. புரியுதா?"

வாழ்க்கையில் முதல்முறையாக, "புரியல பாய்" என்றேன். சந்தோஷமாகச் செஞ்சி வரைக்கும் விளக்கினார். இன்னும் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தில் இன்றுவரை கைவைக்கவில்லை.

டீக்கடையில் இப்போது அவரை 'பஞ்சு வச்ச பாய்' என்று ஓட்டுகிறார்கள். எண்ணெய் குடிக்காத விரிப்பு தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர், ஒரு வார்த்தை மறுக்காமல் டீயை ஊதிக் குடிக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன்: பஞ்சு வைத்தவன் நான். அந்த டீக்கடையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.