விஷுக்கணியில் ஒரு செல்லாக்காசு

வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு கதை இருக்கிறது. ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்துப் பிச்சுமணி மாமா இன்னும் பொய்யே சொல்லவில்லை. முதலில் அவர் சொல்லட்டும்.

மாமாவுக்குப் பழைய காசு என்றால் உயிர். சுப்புலக்ஷ்மி மாமிக்குப் புது வாஷிங் மெஷின் என்றால் உயிர். துவைத்துத் துவைத்துத் தோள்பட்டை கழண்டுவிட்டது என்று மாமி முறையிட்ட மாதம், பென்ஷனில் அதற்கெல்லாம் இடமில்லை என்று மாமா உதட்டைப் பிதுக்கினார். அதே மாதம் சாலைக் கடைத்தெருவில் ராகேஷ் என்கிற வியாபாரியிடம், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் வெள்ளிக்காசு ஒன்றை வாங்கினார். விலை? ஒரு வாஷிங் மெஷின். நல்ல மெஷின்.

அது மாமி கண்ணில் பட்டுவிட்டது.

"என்னன்னா இது?"

"செல்லாக்காசு. பஸ் கண்டக்டர் ஏமாத்தித் தள்ளிவிட்டுட்டான்."

பொய் சொல்லியாயிற்று. இன்னும் சிரிக்கக் கூடாது.

செல்லாக்காசுக்கு வீட்டில் என்ன மரியாதையோ அதை மாமி குறைவில்லாமல் செய்தாள். ஆடுகிற கிரைண்டர் காலுக்கு அதை முட்டுக் கொடுத்தாள். மாமா பாய்ந்து உருவினார். கிரைண்டர் ஆடினால்தான் மாவு பொங்கும் என்று ஒரு புது விஞ்ஞானமும் சொன்னார். மறுநாள் புளியும் சாம்பலுமாகக் காசைத் தேய்க்க உட்கார்ந்தாள். பழைய காசைத் தேய்ப்பதும் கோயில் சிலைக்கு மூக்கைச் செதுக்குவதும் ஒன்று. அழுக்கும் ஓர் அழகு என்று தத்துவம் பேசி மாமா பிடுங்கிக்கொண்டார். "சாரமில்லை" என்றாள் மாமி, பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில். அந்தச் சாரமில்லையில் நிறையச் சாரம் இருந்தது. மாமா கவனிக்கவில்லை.

மலையாள வருஷப் பிறப்பான விஷு வந்தது. விடியற்காலையில் மாமி அவர் கண்ணைப் பொத்தி, வருஷத்தின் முதல் காட்சியான கணி காண அழைத்துப் போய்க் கையை எடுத்தாள். வெண்கல உருளியில் கணிவெள்ளரி, கொன்றைப்பூ, கண்ணாடி. நடுவே ஜம்மென்று, அவர் ஒளித்து வைத்திருந்த சங்குக்காசு. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தியால் அல்ல.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பிரேமா வந்து நின்றாள், பெரியவர் கையால் விஷுக் காசான கைநீட்டம் வாங்க. மாமா அவசரமாக ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தேடினார். கணியில் வைத்ததைத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் பூராவும் தரித்திரம் என்றாள் மாமி. நல்ல நாளில் செல்லாக்காசைக் கொடுக்கலாமோ என்று மாமா முனகினார்.

"கைராசிதான் முக்கியம், காசா முக்கியம்? குடுங்கோ."

கொடுத்தார். பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர்கூட இதைவிடச் சிரித்த முகமாக இருப்பார்.

கொடுத்த கைநீட்டத்தைத் திருப்பிக் கேட்பது கேவலம். மத்தியானம் வரை மாமா பொறுத்தார். பாயசத்தைக்கூடத் தொடவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று மாமி படியிறங்கியதும் பிரேமா வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தக் காசு செல்லாது, குழந்தை எடுத்து விழுங்கினால் ஆபத்து, நூறு ரூபாயாக மாற்றித் தருகிறேன் என்றார். இங்கே குழந்தையே இல்லையே என்றாள் பிரேமா. மாமா ஐந்நூறுக்கு ஏறினார். ஆயிரத்துக்குத் தாவினார்.

"ஒரு செல்லாக்காசுக்கா மாமா?"

"ராசியான காசாக்கும் அது."

பிரேமா உள்பக்கம் திரும்பினாள். "மாமி, ஆயிரம் வரைக்கும் வந்தாச்சு, கேட்டோ."

அடுக்களையிலிருந்து சுப்புலக்ஷ்மி மாமி வந்தாள். ஒரு கையில் பாயசக் கிண்ணம். மறு கையில் சங்குக்காசு.

"மெஷின் ஆத்துக்கு வரட்டும். காசு உங்க கைக்கு வரும்."

மாமா வாசற்படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார். "உனக்கு எப்படிடீ வெலை தெரியும்?"

"ரெண்டாத்துக்கும் ஒரே சுவர். நீங்க குளிமுறிக் கதவைச் சாத்திண்டு, காது கேக்கலைன்னு ஸ்பீக்கரும் போட்டுண்டு, ராகேஷ்கிட்ட ஃபோன்ல ரகசியமா வெலை பேசினேளே. ரெண்டு அடுக்களையிலும் வேலையை நிறுத்திட்டுக் கேட்டோம்."

பிரேமா மாமாவைப் பாவமாகப் பார்த்தாள்.

"அவன் குரலைக் கேட்டாலே தெரிஞ்சுது மாமா. இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருந்தா பாதி வெலைக்கு எறங்கியிருப்பான்."