கரடி வீட்டு பேட்டரிக்குத் துக்கம் கேட்ட கதை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. அடுத்த வீட்டுக்காரர் காதில் விழுந்தால், எங்களைத்தானே சொல்கிறாய் என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. உடம்பெல்லாம் கம்பளி போர்த்தின மாதிரி முடி. மார்கழியில் அது பாக்கியம். சித்திரையில் அதுவே தண்டனை. அந்தச் சித்திரையில் கரடிக்கு ஒரு குட்டியும் பிறந்திருந்தது. அப்பனை உரித்து வைத்தாற்போல அதற்கும் முடி. ஃபேன் ஓடினால் தூங்கும், நின்றால் வீல் என்று கத்தும். அதனால் அந்தக் குகையில் ஃபேன் நிற்பதே இல்லை.

அங்கே கரண்ட் கணக்கெடுப்பது மரங்கொத்தி. வந்து கதவைக் கொத்தியது, மீட்டரைப் பார்த்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தது.

"என்னண்ணே, உள்ள மில்லு ஏதும் நடத்துறீங்களா?"

"ஒரே ஒரு ஃபேனுப்பா. பச்சப்புள்ள இருக்கு."

"மீட்டருக்குப் பச்சப்புள்ளயும் தெரியாது, பழுத்த கெழமும் தெரியாதுண்ணே. வெயில் வந்தா எகிறத்தான் செய்யும்."

பில்லை வைத்துவிட்டு அது பறந்துபோனது. அதைப் படித்த கரடிக்கு ஃபேனுக்கு அடியிலேயே வியர்த்தது.

"ஆகாசத்துல வெயிலு சும்மா கொட்டிக் கெடக்கு. அதப் புடிச்சு இந்த ஃபேனை ஓட்டுறதுக்கு ஒரு ஆம்பளைக்கு வக்கில்ல" என்றது பெண்டாட்டிக் கரடி. அது கோபத்தில் சொன்னது. கரடி அதை யோசனை என்று எடுத்துக்கொண்டு தூக்கணாங்குருவியைக் கூட்டி வந்தது. முன்பெல்லாம் நார் பின்னிக் கூடு கட்டிக்கொண்டிருந்த குருவி, இப்போது வயர் இழுக்கிற வேலைக்கு வந்துவிட்டது. குகைமேல் சோலார் பேனலை மாட்டியது. உள்ளே பேட்டரியை வைத்தது.

"பகல்ல வெயில்லயே ஃபேன் ஓடிரும். ஓடினது போக மிச்சம் இந்தப் பொட்டியில சேரும். பொழுது சாஞ்சா பொட்டி குடுக்கும். ஊர்ல கரண்ட் போனாலும் உங்களுக்குப் போகாது."

"விடியற வரைக்கும் தாங்குமா?"

"ஒரு ஃபேனு, ரெண்டு லைட்டுக்குத் தாராளமாத் தாங்கும். ஊருக்கெல்லாம் தாங்காது."

"ஊருக்கு எதுக்குப்பா தாங்கணும்?" என்று சிரித்தது கரடி. பாவம்.

அடுத்த முறை மரங்கொத்தி வந்தபோது, மீட்டர் ஓடுகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தது. பில் அவ்வளவு சின்னது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி அந்த பில்லை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியது. எல்லோரும் "நல்லாயிருங்க, நல்லாயிருங்க" என்றார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய் ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போனால் முதலில் யாரும் மெழுகுவத்தி தேட மாட்டார்கள். வெளியே தலையை நீட்டி அடுத்த வீட்டைப் பார்ப்பார்கள். "உங்க வீட்லயும் போச்சா?" "போச்சு." அது போதும், பாதிப் புழுக்கம் அப்போதே குறைந்துவிடும். நம் வீட்டில் மட்டும் போனால்தான் கஷ்டம். எல்லார் வீட்டிலும் போனால் அதுபாட்டுக்கு மழை, வெயில் மாதிரி.

ஒருநாள் அந்தி சாய்கிற நேரம், கரண்ட் போனது. வழக்கம்போல் எல்லாத் தலையும் வெளியே நீண்டது. கரடியின் குகை மட்டும் சாமி புறப்பாட்டுத் தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது குரங்கு. "மாமா, செல்லு உயிரு ஊசலாடுது. அஞ்சு நிமிஷம் போட்டுக்கறேன்." ஒரு செல் என்று பார்த்தால், அதன் மச்சான் வீட்டு செல்வரைக்கும் மடியில் இருந்தது. பின்னாலேயே காட்டுப்பன்றியம்மா கிரைண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். "மதினி, அரிசி ஊறி நுரை தட்டுது. ஒரு சுத்து சுத்திக்கறேன்." மயிலுக்கு மறுநாள் பெண் பார்க்கப் போக வேண்டும். தோகை கசங்கியிருக்கிறது என்று அயர்ன் பாக்ஸோடு வந்தது. யானை ஒன்றுமே கேட்கவில்லை. நேராக வந்து ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டது. அதைத் தாண்டி ஒரு பொட்டுக் காற்று யாருக்கும் போகவில்லை.

வீடு வீடாக பில்லைக் காட்டிவிட்டு இப்போது எப்படி இல்லை என்பது? கரடி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் மோர் கொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் லைட் மங்கியது. கிரைண்டர் முக்கியது. ஃபேன் நின்றது. குட்டி வீறிட்டது.

"என்னண்ணே, இவ்ளோதானா உங்க சோலாரு? மாவு பாதியில நிக்குது. இதுக்கா அந்தப் பீத்து பீத்துனீங்க?" என்று காட்டுப்பன்றியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

குட்டி விடியவிடிய அழுதது. மறுநாளும் கரண்ட் போனது, கூட்டம் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. குட்டிக்கு முடிக்குள்ளே வேர்க்குரு கொப்புளமாகப் பழுத்தது. பால் குடிக்க மறுத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஊரை அனுப்புங்க. இல்லாட்டி நானும் புள்ளையும் அருவிப் பக்கம் எங்கம்மா குகைக்குப் போயிடுறோம். இன்னும் நாலு நாள் இப்படிப் போனா புள்ள தங்காது" என்றது பெண்டாட்டிக் கரடி. அதன் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் கரடியைக் கலக்கியது.

அன்றைக்கு அந்தியிலும் வீடு நிறையக் கூட்டம். தன் வீட்டில் தனக்கே நிற்க இடமில்லாமல் கரடி வெளியே வந்து, அடுத்த வளையின் பின்சுவரில் சாய்ந்தது. அது முள்ளம்பன்றியின் வளை. சுவர் ஓட்டை வழியாகச் சில்லென்று காற்று வந்தது. காதை வைத்துக் கேட்டது. உள்ளே என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றியோ வாசலில் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டு, "ஐயோ, வேகுதே!" என்று அரற்றிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உன் வீட்டுக்குள்ள ஃபேனு ஓடுற மாதிரி இருக்கே?"

முள்ளம்பன்றி இரண்டு பக்கமும் பார்த்தாள். "மெதுவாண்ணே. உங்களுக்கு முந்தின வருஷமே சோலாரு போட்டாச்சு."

"கூரையில ஒண்ணையும் காணோமே?"

"இருக்கே. கேட்டா வடாம் காயப்போடுற பலகைன்னு சொல்லுவேன்."

"மரங்கொத்திக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"அது வாயை அடைக்கத்தான் கணக்கெடுக்க வர்றப்பல்லாம் ஒரு கிண்ணம் கரையான்."

"அப்புறம் எதுக்கு வெளியில உக்காந்து வேர்த்துக்கிட்டிருக்க?"

"வேர்க்காட்டி நம்புவாங்களா? ஊருக்கு இருக்கறப்ப நமக்கும் இருந்தா ஊரு ஒண்ணும் சொல்லாதுண்ணே. ஊருக்கு இல்லாதப்ப நமக்கு இருந்தா மன்னிக்கவே மன்னிக்காது."

"எனக்குத்தான் இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே, தாயி. நான் என்ன செய்ய?"

"பேட்டரியக் கொன்னுடுங்க."

கரடி நெஞ்சில் கை வைத்தது.

"நெசமா இல்லண்ணே. வாயாலதான்."

மறுநாள் காலையில் கரடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. "பேட்டரி போயிடுச்சு" என்றது. அவ்வளவுதான். குட்டிக்குக் கொப்புளம் என்றபோது அதை எட்டிப் பார்க்காத காடு, மொத்தமாகத் திரண்டு துக்கம் கேட்க வந்தது.

"நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு?" என்றது யானை.

"எங்க மாவைப் பாதி ஆட்டிக் குடுத்த மகராசி" என்று மூக்கைச் சிந்தினாள் காட்டுப்பன்றியம்மா.

"நான் அப்பவே நெனச்சேன். சூரியனைப் பொட்டியில அடச்சா அது சும்மா விடுமா?" என்றது மயில்.

"அப்படின்னா அந்த பேனலு..." என்று குரங்கு இழுத்தது. "கழட்ட மனசு வரலப்பா" என்று கரடி துண்டால் கண்ணைத் துடைத்தது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். திரும்பிப் போகும்போது ஒவ்வொரு முகத்திலும் என்ன தெளிச்சி! பில் குறைந்த அன்றைக்கு ஒரு வாய்த் தண்ணீர் தராத காடு, அன்று மத்தியானம் கரடி வீட்டுக்கு இட்லியும் சாம்பாரும் அனுப்பியது.

அதற்கப்புறம் கரண்ட் போனால் உள்ளே சன்னலுக்கு ஜமுக்காளம் தொங்கும். குட்டி காற்றில் கிடந்து தூங்கும். அப்பன் மட்டும் தெருவில் நின்று கம்பளி உடம்போடு வேகும். வேர்க்குரு உதிர்ந்து குட்டி தளதளவென்று ஆனது. பில்லும் சின்னதாகவே வந்தது. கரடி அதை யாருக்கும் காட்டவில்லை.

வருஷம் ஒன்று போனது. மரங்கொத்தி கரையான் தின்று தின்று பெருத்து, பறக்க முடியாமல் வீடு வீடாக நடந்தே கணக்கெடுத்தது. எல்லார் கூரையிலும் வடாம் பலகை. காட்டில் வடாம் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மறுபடி சித்திரை. ஒரு அந்தியில் கரண்ட் போனது. எல்லோரும் விசிறியோடு தெருவுக்கு வந்தார்கள். "உங்க வீட்லயும் போச்சா?" "போச்சு, போச்சு." யானைக்கு வியர்க்காது. அதனால் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்திருந்தது.

பேசிக்கொண்டே இருந்தவர்கள் ஒரு நொடி எல்லோருமாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது யார் செய்த பாவமோ. அந்த அமைதியில், சாத்தின கதவு ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து தேனடை கலைந்தாற்போல ஒரு விர்ர்ர் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கரடி தன் வீட்டுக் கதவைப் பார்த்தது. யாராவது வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அத்தனை கதவும் திறந்துவிடும். கிரைண்டர்கள் உருண்டு வரும்.

அப்போது முள்ளம்பன்றி எழுந்து நின்றாள். உடம்பு முள் மொத்தத்தையும் சிலிர்த்துக்கொண்டு, கரண்ட் ஆபீஸ் இருக்கிற திசையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "அடப் பாவிகளா! பச்சப்புள்ளைங்க தூங்குற நேரத்துல கரண்டைப் புடுங்குறீங்களே, நீங்க வெளங்குவீங்களா?"

நீதி: வீட்டுக்குள் காற்று வாங்க வெயில் இருந்தால் போதும், ஊருக்குள் காலம் தள்ள வியர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.