பூதச் சண்டைக்கு நடுவராகப் போய் மாப்பிள்ளைப் பையனை விசில் ஊதித் தோற்கடித்தது பற்றி

சிங்கப்பெருமாள் கோயில்
செவ்வாய்க்கிழமை காலை

பாசமிகு மச்சான் சாலமோன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எல்லம்மாளின் கணவன் பூபாலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லம்மாளும் மகள் ஜாக்குலினும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செய்யூரில் ஜாய்ஸ் அக்காவின் முட்டிவலி தேவலையா, கடலை பிடுங்க ஆட்கள் கிடைத்தார்களா என்பதை அறிய ஆசைப்படுகிறேன்.

நேற்று நீங்கள் போனில், "நான் பாத்து வெச்ச பையன விசில் ஊதித் தோக்கடிச்சியாமே, இன்னா மச்சான் நெனச்சிகினுகீற?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் நீங்களும் பேசினீர்கள், நீங்கள் நிறுத்தியதும் நான் நிறுத்திவிட்டேன், இப்படியே போன் சூடாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பையனின் அம்மா உங்களிடம் சொன்னது உண்மை. விசில் ஊதியது நான்தான், தோற்றது ஜெரோம்தான். ஆனால் ஊதும்போது அவர்தான் ஜெரோம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஊதியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்ததும், பெண்ணுக்கு ஆபீசில் ஆடிட் என்று எல்லம்மாள் சொல்லித் தள்ளிவைத்ததும் உங்களுக்குத் தெரியும். ஆடிட் எதுவும் இல்லை. ஜாக்குலினுக்கு அன்று மாமல்லபுரத்தில் பூதச் சண்டைப் போட்டி. பூதம் என்றதும் பயப்பட வேண்டாம், எல்லாம் கைக்குள் அடங்கும் ஒரு சின்ன டிவிக்குள் நடக்கிறது. கல்யாண வயதுப் பெண் பூதம் வளர்ப்பதைப் பற்றி நான் பேசினால், "நீங்க ரிட்டயர் ஆயும் விசில பாக்கெட்லயே வெச்சிகினு சுத்தல?" என்று கேட்கிறாள். பி.டி. மாஸ்டராகவும் கபடி நடுவராகவும் இருந்தவன் விசிலை வேறு எங்கே வைப்பான்? சரி, எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துவிடலாமே என்று அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஒரு லாட்ஜின் பின்பக்கம் உள்ள ஹாலில் போட்டி. நடத்தியவர் வரதன் என்று ஒரு இளைஞர், அங்கேயே செல்போன் கடை வைத்திருக்கிறார். யார் ஜெயித்தார் என்பதை மெஷினே சொல்லிவிடுமாம். ஆனால் யார் வித்தியாசமான காம்போ போட்டார் என்பதை மெஷினால் சொல்ல முடியாது, அதற்கு ஒரு தனிப் பரிசு, அதைத் தீர்மானிக்க மூன்று நடுவர்கள். மூன்றாமவர் வண்டி பஞ்சராகி முட்டுக்காட்டில் நின்றுவிட்டார். வரதன் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்த கேம் பத்தி உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

"ஒன்றும் தெரியாது தம்பி. கபடி தெரியும்."

"அதான் சார் வேணும். தெரிஞ்சவன ஒக்கார வெச்சா அவன் பிரெண்டுக்கே மார்க் போட்டுக்கினு போறான். ஒரே பேஜாரு."

ஒன்றும் தெரியாது என்ற தகுதிக்காக என்னை யாரும் இதுவரை நியமித்ததில்லை. அந்தத் தகுதியில் பதவி உயர்வே வாங்கிய சிலரை மட்டும் அறிவேன். என் மகள் ஆடுகிறாளே, சரிப்படுமா என்று கேட்டேன். ஆடுபவர்கள் தடுப்புக்குப் பின்னால் இருப்பார்கள், திரையில் புனைபெயர்தான் வரும், உங்களுக்கே தெரியாது என்றார். அப்படியே நடந்தது. 'ரவை உப்புமா' என்ற பெயரில் ஆடியது நான் பெற்ற பெண் என்று கடைசிவரை தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் இதுதான். ஒரு பக்கம் இரண்டு பூதம், எதிர்ப்பக்கம் இரண்டு பூதம். ஒன்று விழுந்தால் வெளியே காத்திருப்பது உள்ளே வரும். ஒவ்வொன்றுக்கும் நாலு வித்தை. எந்த வித்தையோடு எந்த வித்தையைச் சேர்க்கிறார்கள் என்பதுதான் காம்போ. பக்கத்து நடுவர்கள் இருவரும் விவரம் தெரிந்த பையன்கள். ஒருவர் போட்ட மார்க்கை மற்றவர் கவிழ்த்துக்கொண்டே வந்ததால், கடைசியில் என் மார்க்தான் நிற்கும் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. பொறுப்பு கூடிவிட்டது. அதனால் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் ஏற்கெனவே பார்த்தது என்றால் அது வித்தியாசம் இல்லை. பார்க்காதது என்றால் வித்தியாசம்.

'ரவை உப்புமா'விடம் எருமை மாதிரி ஒரு பூதம் இருந்தது. பலசாலி, ஆனால் ஒருமுறை அடித்தால் மறுமுறை சும்மா நிற்கும் சோம்பேறி. பக்கத்தில் நின்ற குருவிப் பூதம் ஒரு வித்தை போட்டு, எருமையின் சோம்பலைக் கழற்றி எதிராளிக்கு மாட்டிவிட்டது. எருமை சுறுசுறுப்பாகிவிட்டது, எதிராளி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். ஹாலே கைதட்டியது. நான் குறைந்த மார்க் போட்டேன். ஒருவரின் சோம்பேறித்தனத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதை ஆசிரியர் அறையில் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் பார்த்திருக்கிறேன்.

இறுதிச் சுற்றுக்கு 'ரவை உப்புமா'வும் 'டபுள் ஷிப்ட்' என்ற ஒருவரும் வந்தார்கள். 'டபுள் ஷிப்ட்'டின் ஆமைப் பூதம் எடுத்த எடுப்பில் திரும்பி, பக்கத்தில் நின்ற தன் கட்சிக் காளையையே ஓங்கி அடித்தது. மச்சான், கபடியில் சொந்த அணிக்காரனை அடித்தால் என்ன செய்வோம்? என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. விசில் ஹால் முழுக்கக் கேட்டது. தடுப்புக்குப் பின்னால் 'டபுள் ஷிப்ட்' துள்ளி எழுந்ததில் விரல் தவறி வேறு ஒரு பட்டனில் பட்டதாம். காளை, எதிரியை அடிப்பதற்குப் பதிலாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அப்புறம்தான் வரதன் விளக்கினார். அடி வாங்கினால் அந்தக் காளைக்குக் கோபம் ஏறி இரட்டிப்பு பலம் வருமாம். அதற்காகவே சொந்த ஆளை அடிப்பதாம், அதுதான் அந்தக் காம்போவாம். நான் அதற்கும் குறைந்த மார்க்தான் போட்டேன். சொந்தக்காரனைச் சீண்டிவிட்டு அடுத்தவனோடு சண்டைக்கு அனுப்புகிறவர்களை நம் ஊரில் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். தனிப் பரிசை பிரிசில்லா என்ற நர்சிங் மாணவிக்குக் கொடுத்தேன். அரையிறுதியிலேயே தோற்றுப்போன பெண். அவளுடைய கொக்குப் பூதம், அடுத்து வரப்போகும் பூதத்தின் காயமெல்லாம் ஆறட்டும் என்று தன் உயிரைத் தானே விட்டுவிட்டது. அடுத்து வருவது யார் என்றுகூட அதற்குத் தெரியாது. இதை நான் பார்த்ததில்லை. முழு மார்க்.

தடுப்பை எடுத்தார்கள். 'ரவை உப்புமா' என் மகள். கோப்பையை வாங்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாபா பண்ணி வெச்சிகீற? நான் ஜெயிச்சனா, உன் விசிலு ஜெயிச்சுதா? எனக்கு இந்தக் கப்பு வேணாம்."

அவள் பின்னால் தாடியும் தொப்பியுமாக 'டபுள் ஷிப்ட்' வந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "பரவால்ல சார், விசில் நல்லா ஊதனீங்க" என்றார். பெயர், ஊர் கேட்டேன். ஜெரோம், செய்யூர் பக்கம், இங்கே கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார். உங்கள் போனில் பார்த்த படத்தில் கோட்டுப் போட்டு மழமழவென்று இருந்தவர்தான் இவர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நம் பக்கத்து ஆடிட்டும் அவர்கள் பக்கத்து ஓவர்டைமும் ஒரே ஹாலில் நேருக்கு நேர் நின்றன.

நான் யார் என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். ஜாக்குலின் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, சொந்த ஆளையே அடிக்கிறீங்களே, அது தப்பில்லையா?"

"அடி இல்ல சார். கீற வித்தையிலயே வலிக்காத மூவ்வா தேடித்தான் ஆமைக்குக் குடுத்தேன். காளைக்கு உசுரு கொஞ்சங்கூட கொறையாது. அதத் தேடத்தான் சார் ஒரு மாசம் ஆச்சு."

"அது கரெக்டுபா. எனக்கே தோணல" என்றாள் ஜாக்குலின். பெற்ற அப்பாவுக்குப் பரிந்து ஒரு வார்த்தை இல்லை.

அதன்பிறகு இருவரும், ஆட்டத்தைத் திரும்ப ஆடித் தீர்க்கிறோம் என்று கடற்கரைக்குப் போகும் வழியில் சங்குக் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்தது, சுற்றுலா பஸ்கள் கிளம்பிப் போயின, டீக்கடைக்காரர் என்னிடம் ஊர் விசாரித்து முடித்துவிட்டார். கடைசியில் எழுந்து போய், யார் ஜெயித்தது என்று கேட்டேன். "இன்னும் முடியலபா" என்றாள் ஜாக்குலின், தலையை நிமிர்த்தாமல்.

மச்சான், யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பையன் பொறுமைசாலி, மரியாதை தெரிந்தவர். ஆனால் பக்கத்தில் நிற்கும் சொந்த ஆளை அடிக்கலாம் என்ற எண்ணம் ஒருவருக்கு முதலில் எப்படி வருகிறது? வலிக்காமல் அடிப்பதும் அடிதானே? ஜாக்குலின் மேல் நான் கை ஓங்கியதில்லை. நாளைக்கு அவள் கோபத்தைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், நான் எங்கே நின்று விசில் ஊதுவது? ஞாயிறு முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆகவே, இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது என்று பையன் வீட்டில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காரணம் கேட்டால், ஜாதகம் என்று சொல்ல முடியாது, நாம் இரு வீட்டாரும் பார்ப்பதில்லை. வேறு ஏதாவது சொல்லுங்கள். என் முடிவில் மாற்றம் இல்லை.

ஜாய்ஸ் அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டிலும் நிலத்திலும் குறையேதும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பூபாலன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் சத்தம் கேட்டது. ஜெரோமும் அவருடைய அப்பா அம்மாவும் பூ, பழத் தட்டோடு இறங்கினார்கள். ஜாக்குலினே வரச் சொல்லியிருக்கிறாளாம், எல்லம்மாளுக்கு ஞாயிறு மாலையே தெரியுமாம். என்னிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லையாம். ஜெரோமைத் தனியே கூப்பிட்டு, என் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் ஜாக்குலின் உள்ளே வந்து, "அந்த மூவ்வ தூக்கிட்டாருபா. உனக்குப் புடிக்கலன்னு. டீமே இப்ப வீக்காயிட்ச்சு" என்றாள். இதையும் நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். காரிலிருந்து கடைசியாக இறங்கியவர் நீங்கள் என்பதாலும், இப்போது எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பதாலும், தபால் செலவில்லாமல் இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே தருகிறேன். சம்பந்தி பக்கத்தில் இருக்கிறார், இங்கே பிரிக்க வேண்டாம்.