கிளை சாரும் கூஜா வம்சமும்

பெங்களூரில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேர் கிளை சாருக்குச் சொந்தக்காரர்கள். மீதிப் பாதிப் பேருக்கு அந்த விஷயம் இன்னும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு. யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் "நீங்க எந்தக் கிளை?" என்று கேட்பார். அதனால் கிளை சார். ஒரு தடவை பாங்கில் கவுண்டருக்குள் இருந்த பெண்ணிடம் அப்படிக் கேட்டிருக்கிறார். அது பாவம், "இதே கிளைதான் சார்" என்று சொல்லியிருக்கிறது. "அப்படியா கண்ணு! அப்போ நான் உனக்குப் பெரியப்பா!" என்று இவர் கண் கலங்கி, வரிசையில் பின்னால் நின்றவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்களாம்.

அவர் வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. உறவு தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. எந்த வீட்டுக் கதவும் திறக்கும். "உங்க தாத்தா பேர் என்ன, எந்த ஊர்ல இருந்து வந்தாரு?" என்று கேட்டால், சொல்லாவிட்டால் பில் ஏறிவிடுமோ என்று ஜனங்கள் உண்மையையே சொல்லிவிடுவார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பின்கட்டு வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். மீட்டரைப் பார்த்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த என் வீட்டுக்காரர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கீழே கே. ஆரோக்கியம் என்று எழுதியிருக்கும்.

"கே-ன்னா என்னம்மா?"

"கே-ன்னா கே தான்."

"கூஜாவா?"

எனக்கு வந்ததே கோபம். "யாரைப் பார்த்து கூஜாங்கறே? எங்க வீட்டு மனுஷர் சாகிற வரைக்கும் யாருக்கும் கூஜா தூக்கினதில்லே! போய்யா வெளியே!"

அவர் போகவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "அண்ணி!" என்றார்.

விஷயம் என்னவென்றால், எங்கள் புகுந்த வீட்டுப் பேரே கூஜாதான். கிளை சாருக்கும் அதே பேர். கன்டோன்மென்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் எங்கே போனாலும் அவருக்குப் பின்னால் குடிதண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் போவாராம். அவர் பேர் சவரிமுத்து. துரை அவரை 'கூஜா' என்று கூப்பிட்டார். மாதா கோயில் சாமியாரும் ஞானஸ்நான ஏட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அது குடும்பப் பேராக ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் படித்து, ஆபீசுக்குப் போய், இந்தப் பேரை வைத்துக்கொண்டு மேனேஜருக்கு முன்னால் நின்றால் எப்படி இருக்கும்? ஒருவர் கே என்று சுருக்கினார். ஒருவர் குஜேந்திரன் ஆனார். ஒரு குடும்பம் இங்கிலீஷில் எழுதி எழுதி, ஏதோ கோவாக்காரர்கள் போல வாய்க்குள்ளேயே முனகும் ஒரு பேராக ஆக்கிவிட்டது. இந்த ஒளிந்துகொண்டவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, "வெட்கப்படாதீங்க, நீங்களும் கூஜாதான்" என்று சொல்வதற்காகவே கடவுள் கிளை சாரைப் படைத்திருந்தார்.

எனக்கு உறவு என்றாலே அலுப்பு. பிறந்த வீட்டு உறவுக்குச் சமைத்தாயிற்று, புகுந்த வீட்டு உறவுக்குச் சமைத்தாயிற்று. முழங்கால் தேய்ந்த பிறகு, தேடிக் கண்டுபிடித்த உறவுக்கும் சமைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷர். அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. கீழே இரும்பு கிறீச்சிடுகிற சத்தத்திலேயே இருந்து பழகியதால் சாதாரணப் பேச்சே கத்தல்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்ணி, கே.ஜி.எஃப்-ல ஒரு கூஜா கிடைச்சிருச்சு!" என்று அவர் கத்தினால், முன்கட்டு வீட்டுக்காரர்கள் என்னவோ பாத்திரம் தொலைந்து கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கண்டுபிடித்த ஆட்களை எல்லாம் ஒரு பெட்ஷீட்டில் எழுதி வைத்திருந்தார். காகிதம் கிழிந்துவிடுமாம். டபுள் காட் பெட்ஷீட். அடியில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் மூடி போட்ட ஒரு கூஜாப் படம். அதிலிருந்து கிளைகள் நாலா பக்கமும் போகும். எங்கள் துணி காயப்போடும் கொடியில் அதைத் தொங்கவிட்டு விளக்கம் சொல்வார். ஒரு நாள் நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பேர், பக்கத்தில் என் பேர், கீழே பிள்ளைகள். ரேஷன் கார்டில்கூட என் பேரைத் தப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இவர் சரியாக எழுதியிருந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன். அதற்காக உறவை ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

சாவு வீட்டுக்கு அவரோடு போகக்கூடாது. பெட்டியை மூடப் போகிற நேரத்தில், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், இவரோட அப்பா பேர் மட்டும்..." என்று பெட்ஷீட்டும் பேனாவுமாகக் குனிவார். ஒரு வீட்டில் செத்தவரின் மகன் கன்னடத்தில், "யார் ரீ நீவு?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். இவர் கொஞ்சமும் அசராமல், "நிம்ம சிக்கப்பா!" என்றார். உன் சித்தப்பனடா என்று அர்த்தம். அடிக்க வந்தவன் அவர் தோளில் சாய்ந்து அழுதான். இப்படியும் நடக்கும்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. 'கூஜா குடும்பம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். செத்துப்போனவர்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்து போடுவார். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒரு பையனுடைய போனில் அந்தப் பேர் மின்னியதை மேலதிகாரி பார்த்துவிட்டு, "இதுல என்னை ஏம்ப்பா சேர்க்கலே? யார் யாரு எனக்குத் தூக்கறாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேனே" என்று கேட்டாராம். அன்றைக்கே அந்தக் கிளை குரூப்பை விட்டு உதிர்ந்தது.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனிமேல் சொல்வது சிரிக்கிற கதை இல்லை.

என் கடைக்குட்டி ஸ்டெல்லாவுக்கு முப்பது தாண்டியும் வரன் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்" என்றார்கள். அவர்கள் வீடு எங்கே இருக்கிறதோ, இன்னும் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஹெப்பகோடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பிரான்சிஸ், பாக்டரியில் சூப்பர்வைசர். அதிகம் பேசாத பிள்ளை. தட்டை வாங்கும்போது, "நீங்களும் உட்காருங்களேன், எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னான். இத்தனை வருஷத்தில் வந்த எவனுக்கும் அது தோன்றியதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் தானாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

நிச்சயதார்த்தத்துக்குக் கிளை சாரை நான் கூப்பிடவில்லை. அது ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. வந்துவிட்டார்.

தட்டு மாற்றுகிற நேரம். பையனின் அப்பா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "என் பேர் கே. இன்னாசி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கிளை சார் வாயைத் திறப்பதற்குள் அவர் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிடலாமா என்று பார்த்தேன். கை எட்டவில்லை.

"கே-ன்னா?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். "அது... பழைய பேரு. கூஜான்னு..."

"அடேடே, இந்த வீடும் கூஜாதான்!" என்று கிளை சார் ஆனந்தத்தில் துள்ளி எழுந்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. துள்ளியவர் அப்படியே பாதியில் நின்றார். பையனின் அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அடியாத்தே! ரெண்டு பக்கமும் ஒரே பேருன்னா பங்காளி ஆச்சே! அண்ணன் தங்கச்சிக்கா தாலி கட்டறது?"

தட்டு மாறவில்லை. பின்னால் கோயிலில் கேட்டுப் பார்த்தேன். இவ்வளவு தூரத்து உறவு சபைக்குத் தடையே இல்லை என்று சாமியார் சொன்னார். சபைக்குத் தடையில்லை, ஜனங்களுக்குத் தடை. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்களே, அப்போது அந்த அத்தை எழுந்து நிற்காமல் இருப்பாளா?

நிச்சயம் நின்றுபோன அன்றைக்கு ஸ்டெல்லா அழவில்லை. நிச்சயத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே, "போதும்மா. என்னால இன்னொரு தரம் பஜ்ஜித் தட்டு தூக்க முடியாது" என்றாள். அழுதிருந்தால் தேவலை.

வந்தவர்கள் போன பிறகும் கிளை சார் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஊரெல்லாம் தேடித் தேடிச் சொந்தம் சேர்த்தீங்களே, என் மகளுக்குன்னு வந்த ஒரே ஒரு சொந்தத்தை உடைச்சிட்டீங்களே. திருப்தியா?"

அந்த மனுஷர் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "அண்ணி, அடுத்த ஞாயித்துக்கிழமை ஹெப்பகோடிக்கு வாங்க. ஸ்டெல்லாவையும் கூட்டிட்டு வாங்க."

போனோம். பஸ்ஸில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இன்னாசி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளை சார் பெட்ஷீட்டைத் தரையில் விரித்தார்.

"கூஜா ஒண்ணுதான். தூக்கினது ரெண்டு பேரு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"சவரிமுத்து கொஞ்ச வருஷம் தூக்கினாரு. அப்புறம் உடம்பு முடியாம நின்னுட்டாரு. துரை வேற ஆளை வச்சாரு. சின்னப்பன்னு, வேற ஊர், வேற குடும்பம். துரைக்குப் புதுப் பேர் கத்துக்கச் சோம்பல். அந்தாளையும் கூஜான்னே கூப்பிட்டாரு. ஆரோக்கியம் அண்ணன் சவரிமுத்து வழி. இன்னாசி சின்னப்பன் வழி, இந்த வாரம் பூரா விசாரிச்சுட்டேன். ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது."

அத்தை விடுவாளா? "கல்யாணம் நடக்கணும்னு கதை விடறீங்களா? இத்தனை நாளா இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்கப்பா சொல்லிட்டுத்தான் செத்தாரு."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் ஒரே மரமா எழுதினீங்க?"

கிளை சார் பெட்ஷீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "பாதிப் பேர் போயிடுவாங்களேம்மா."

அவரே எழுந்து கத்தரிக்கோல் கேட்டார். பிரான்சிஸின் அம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அடியிலிருந்து மேலே வரைக்கும், கூஜாப் படத்துக்கு நட்டநடுவில் வெட்டினார். கைப்பிடி ஒரு பக்கம் போயிற்று, மூடி பாதி பாதியாயிற்று. இத்தனை வருஷம் வெயிலில் அலைந்து சேர்த்தது. கர்ரென்று துணி கிழிகிற சத்தம் எனக்கே தாங்கவில்லை. ஒரு பாதியை இன்னாசியிடம் கொடுத்தார். ஒரு பாதியை என் மடியில் வைத்தார்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று அத்தை கேட்டாள். வாய் ஓயாது அவளுக்கு.

"நான் சின்னப்பனோட கொள்ளுப்பேரன்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கத்தரிக்கோல் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் போயிருக்கிறது. இனி நான் அவருக்கு அண்ணி இல்லை. சொந்தமே இல்லை. இத்தனை நாளும் வேற்று மனுஷருக்குத்தான் மீன் வறுத்துப் போட்டிருக்கிறேன்.

தட்டு மாறியது. ஓலை வாசித்தார்கள். அத்தை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கல்யாண வேலை ஒரு பக்கம் நடந்தது. கிளை சார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டார். உரிமை இல்லாத வீட்டில் சாப்பிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. முறை பார்க்கிற மனுஷர். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் வெற்றிலை பாக்குத் தட்டையும் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து அடுகோடிக்குப் போனேன். லேத் பட்டறைக்குப் பக்கத்தில் கைப்பிடி இல்லாத இரும்புப் படி. என் முழங்காலுக்கு ஏற்ற படியே இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கதவைத் திறந்தவர், "அண்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முறைப்படி என்னை இன்னாசிதான் அழைக்கணும். நீங்க அழைச்சா எந்த முறையில வர்றது?"

எனக்கு மூச்சு வாங்கியது. "முறையெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க வராம ஞாயித்துக்கிழமை சோறு மிஞ்சுது. பிடிங்க இதை, கை வலிக்குது."

வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திடீரென்று பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்: "அடேடே! நான் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி! அப்போ நீங்க எனக்குச் சம்பந்தி!"

"ஆமா. இனிமே மரியாதை வேற பண்ணித் தொலைக்கணும்."

"கல்யாணத்துல எந்தப் பக்கம் உட்காரட்டும், சம்பந்தி?"

"எந்தப் பக்கம் வேணா உட்காருங்க. முதல் பந்தியில உட்காருங்க."

இறங்கும்போது அவர்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். வீடு வரைக்கும் துணைக்கு வந்தவர், வழியெல்லாம் ஆட்டோக்காரன் எந்தக் கிளை என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு எல்லோரையும் போனில்தான் அழைத்தேன். உடம்பு முடியவில்லை என்று சொன்னேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். படியேறிப் போய்த் தட்டு வைத்து அழைத்தது அந்த ஒரு வீட்டை மட்டும்தான்.