வெள்ளைச் சட்டையும் திராட்சைப் பந்தலும்

ஒரு குடும்பத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே நொடியில் கண்ணைத் திறந்து, வாயை மூடி, ஒரே திசையைப் பார்ப்பது இயற்கைக்கு விரோதமான காரியம். கூட்டத்தில் மூன்று வயது நிரம்பாத குழந்தை ஒன்றும் இருந்துவிட்டால், படம் எடுக்கலாம் என்று யோசனை சொன்னவரை முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான்.

காரணம் இருந்தது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது என் மாமனார் வீடு. கல்யாணமான நாளிலிருந்து நானும் அங்கேதான் இருக்கிறேன். கூடத்தில், டிவிக்கு மேலே, கதவு அகலத்துக்கு ஒரு குடும்பப் படம் மாட்டியிருந்தது. அதில் மாமா, அத்தை, என் கணவர், அவருடைய அக்கா செல்வி மதினி, மதினியின் வீட்டுக்காரர், கைக்குழந்தைகளாக அவர்களுடைய இரட்டைப் பையன்கள். நான் வருவதற்கு முன்பு எடுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டு அறிமுகம் செய்வார். ஒருமுறை, அறிமுகம் முடிந்ததும் வந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ளைய எப்ப வேலைக்கு வச்சீக?" என்று கேட்டுவிட்டார். (என் கையில் துடைப்பம் இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது.)

அன்றைக்கே முடிவு செய்தேன். நானும் என் மகள் மகிழினியும் அந்தச் சுவரில் ஏறியாக வேண்டும்.

இந்தப் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து செல்வி மதினி குடும்பத்தோடு வந்தார். அவர்கள் வருவதே சில வருடங்களுக்கு ஒருமுறை. காணும் பொங்கலன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, குமுளி வழியாகக் கொச்சிக்குக் காரில் போய் விமானம் ஏற வேண்டும். ஆக, பொங்கல் வேலைகள் எல்லாம் முடிந்த அன்று காலையை விட்டால் எனக்குச் சுவர் இல்லை.

பொங்கல் லீவில் எங்கள் பக்கத்தில் படம் எடுப்பவர்களைப் பிடிப்பது, தங்கம் விலை குறையக் காத்திருப்பது மாதிரி. சுருளி அருவியில் ஒரு குடும்பம், திராட்சைத் தோட்டத்தில் ஒரு குடும்பம், மொட்டைக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று என்று அவர்கள் பறந்துகொண்டிருப்பார்கள். தேனியில் ஒரு தம்பி கிடைத்தார். போனில் முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஏழுல இருந்து எட்டு வரைக்குந்தான்க்கா. அதுக்கு மேல கூடலூர்ல ஒரு குடும்பம். அங்க ஒரு கைப்பிள்ளை இருக்கு. அது தூங்குறதுக்குள்ள போய்ச் சேரணும்."

இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. மாமாவுக்கே பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் ஊரார் பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, சொந்தப் பந்தலை விட்டுவிடலாமா? உடையைப் பற்றித்தான் இரவும் பகலும் யோசித்தேன். இணையத்தில் குழந்தைகளைப் படம் எடுப்பது பற்றி இருந்த அத்தனையையும் படித்தேன். (பி.எட். தேர்வுக்குக்கூட அவ்வளவு படிக்கவில்லை.) எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: பச்சைப் பின்னணியில் எல்லாரும் வெள்ளை உடுத்தினால் அள்ளிக்கொண்டு போகும். உடனே வாட்ஸப் குழுவில் போட்டேன்: "காணும் பொங்கல் அன்று அனைவரும் வெள்ளை உடை."

முதல் பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. "ஏ புள்ள, யாருக்குக் கருமாதி?"

மதினியைச் சமாதானப்படுத்திவிட்டேன். அத்தையிடம்தான் முடியவில்லை. "உம் மாமனார் குத்துக்கல்லாட்டம் இருக்காக. நான் எதுக்குத்தா வெள்ளைச் சேலை கட்டணும்?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் சிவப்புக் கரை போட்ட சந்தன நிறச் சேலைக்கு இருவரும் ஒத்துக்கொண்டோம்.

மாமா அந்தக் குழுவில் இல்லை. அவர் எந்நாளும் வெள்ளை வேட்டி சட்டைதான் என்பதால் உடை விஷயத்தை அவரிடம் தனியாகச் சொல்லும் தேவையும் வரவில்லை. "மாமா, காணும் பொங்கலன்னைக்குக் காலைல நம்ம தோட்டத்துல போட்டோ எடுக்குறோம்" என்றேன். "ஆகட்டும்மா" என்றார். அந்தச் சின்ன உரையாடலில் ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அன்று காலை இருட்டோடு எழுப்பியதில் மகிழினி ஏற்கெனவே உலகத்தின் மேல் கோபமாக இருந்தாள். (பேர்தான் மகிழினி. கேமராவைக் கண்டால் வட்டிக்கு விட்டவர் முகமாகிவிடும்.) அத்தை அவள் கன்னத்தில் எட்டணா அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார். நான் யாருக்கும் தெரியாமல் ஈரத் துணியால் துடைத்தேன். அது அழியாமல் மூக்குக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய் மீசையானது. என் கணவர் பார்த்துவிட்டு, "எங்கப்பா சாயல் இப்பத்தான் தெரியுது" என்றார்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி தயாராக நின்றார். பனி இறங்கி, பந்தல் முழுக்க இலைகள் நனைந்து, லேசான நீலம் பூசியதுபோல மின்னின. "என்ன கலருக்கா! இந்த மாதிரி பச்சைய நான் பாத்ததே இல்ல" என்றார் தம்பி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த பின்னணி அல்லவா?

எல்லாரையும் பந்தலுக்கடியில் நிறுத்தினேன். தம்பி மகிழினிக்காக ஒரு ரப்பர் வாத்தை எடுத்துக் கீச்சென்று அமுக்கினார். அவள் அலறிக்கொண்டு அப்பாவின் சட்டைக்குள் தலையை நுழைத்தாள். அந்த நேரம் பார்த்து மதினியின் வீட்டுக்காரர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. நீலச் சொட்டு.

"என்னம்மா இது, பேனா மை மாதிரி இருக்கு?" என்றார் அவர்.

மாமா முகம் மலர்ந்தது. "போட்டோ எடுக்குறோம்னு மருமக சொன்னாளா, இலை நோய் விழுந்து கெடந்தா பாக்க நல்லா இருக்காதேன்னு நேத்து சாயங்காலம் ஆளவிட்டு மருந்து அடிச்சு வச்சேன். துத்தமும் சுண்ணாம்பும். ரெண்டு டேங்க்கு கூடவே அடிக்கச் சொன்னேன்."

நான் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மயில்துத்தம் நீரில் கரைந்தால் என்ன நிறம் என்று வருடாவருடம் பிளஸ் டூ பிள்ளைகளைக் கேட்டு, தெரியாதவர்களை நிற்கவைப்பவள். இப்போது வெள்ளைச் சேலையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எல்லாரும் மெதுவா, அசையாம வெளிய வாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதில் சலித்துப்போன இரட்டையர் இருவரும் பந்தல் கம்பியை எட்டிப் பிடித்து ஊஞ்சலாடினார்கள். பந்தல் ஒருமுறை குலுங்கியது. இரவெல்லாம் இலையில் தேங்கிய பனி அத்தனையும் மருந்தைக் கரைத்துக்கொண்டு எங்கள் தலையில் இறங்கியது.

"ஐயையோ!" என்றார் அத்தை. "மழை! ப்ளூ மழை!" என்று இரட்டையரில் ஒருவன் நாக்கை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் வரப்பிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

"மாமா, விஷமா?"

"குடிக்காத வரைக்கும் ஒண்ணுமில்லம்மா. கழுவுனாப் போயிரும்."

"எவ்வளவு குடிக்காத வரைக்கும் மாமா?"

அதற்குப் பதில் கேட்க நான் நிற்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மோட்டார் தொட்டிக்கு ஓடி, மோட்டாரைப் போட்டு, தண்ணீர் கொட்டுகிற வாயிலேயே நிறுத்திக் கழுவினேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். கண்ணைக் கழுவினேன். முடிந்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் கழுவினேன். ஜனவரி மாதக் குளிரில் மூன்றும் பல் தந்தியடிக்க நின்றன. வெள்ளைச் சட்டைகள் போன இடம் தெரியவில்லை. மூவரையும் மாமாவின் துண்டிலும் என் கணவரின் பனியனிலும் சுற்றினோம். ஒரே நல்ல காரியம், மகிழினியின் மீசை போய்விட்டது.

மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. வாய்க்காலில் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா... கூடலூர்..."

எனக்கு அழுகை முட்டியது. அப்போது செல்வி மதினிதான் சொன்னார்: "ஏ புள்ள, வந்தது வந்தாச்சு. இப்படியே நின்னு ஒண்ணு எடுத்துருவோம். சிங்கப்பூர்ல யாராவது கேட்டா ஹோலின்னு சொல்லிக்கிறேன்."

பந்தலை விட்டு வெளியே, தொட்டிக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். உடம்பெல்லாம் நீலப் புள்ளி. வரிசையின் ஓரத்தில், என் கணவர் பக்கத்தில், எனக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர் தோளில் மகிழினி. எட்டுக்கட்டையில் அழுதுகொண்டிருந்தாள். தம்பி வாத்தை எடுத்தார். அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறியது.

"தம்பி, அத உள்ள வைங்க. நான் கேமராவுக்குப் பின்னால நின்னு இவள சிரிக்க வைக்கிறேன். சிரிச்சதும் ஓடி வந்து என் இடத்துல நின்னுக்கிறேன். நான் வந்தப்புறம்தான் நீங்க அமுக்கணும்."

"சரிக்கா."

கை தட்டினேன். பாடினேன். கண்ணாமூச்சி காட்டினேன். பலனில்லை. அப்போதுதான் ஜீப் நினைவுக்கு வந்தது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு விடியற்காலையில் மலைக்குப் போகும் ஜீப்புகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மகிழினிக்கு உலகத்தில் பிடித்த ஒரே பொருள் அது. அது மலையில் ஏறித் திணறுவதை நான் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்காக மட்டும் நடித்துக் காட்டுவது உண்டு. அன்றுவரை மாமனார் முன்னால் குரல் உயர்த்திக்கூடப் பேசாதவள் நான். ஆனால் சுவர் என்று ஒன்று இருக்கிறதே!

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். "டுர்ர்ர்..." என்று கிளம்பினேன். முதல் கியர் போட்டேன். கொண்டை ஊசி வளைவில் ஆரன் அடித்தேன். உள்ளே இருக்கும் பொம்பளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்வதையும் நானே செய்து காட்டினேன். மகிழினியின் அழுகை நின்றது. வாய் ஒரு பக்கம் கோணியது. இன்னும் கொஞ்சம்தான். எதிரே பஸ் வருகிறது, ஜீப் பின்னால் போயாக வேண்டும். "ரிவர்ஸ்... ரிவர்ஸ்... வரட்டும், வரட்டும்..." என்று பின்னோக்கி வந்தேன்.

வந்தேன், வந்தேன், வாய்க்காலுக்குள் போய் மல்லாக்க விழுந்தேன்.

முதலில் சிரித்தது மகிழினி. அடுத்து மாமா. அப்புறம் மொத்தக் குடும்பமும். சேற்றுக்குள் கிடந்தபடி ஒரு சத்தம் கேட்டேன். கிளிக், கிளிக், கிளிக்.

"தம்பீ, நான் இன்னும் வரல!"

"தெரியுதுக்கா, கை நிக்க மாட்டேங்குது!"

எழுந்து, சேறு சொட்டச் சொட்ட ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். நீலமும் கறுப்புமாக ஒரு உருவம் தன்னை நோக்கி ஓடி வந்ததைப் பார்த்த மகிழினி, பெற்ற தாயை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அலறினாள். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் அவளுடைய முதுகுதான் இருக்கிறது. தம்பி கூடலூருக்குப் போய்விட்டார். மதியம் மதினியும் கொச்சிக்குக் கிளம்பிவிட்டார். காரில் ஏறும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். பிரிவுத் துயரம் என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்கள்.

படங்கள் போனில் வந்தபோது தேறியது ஒன்றே ஒன்று. எல்லாரும் இருந்தார்கள். எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து, வயிற்றைப் பிடிக்காத குறையாகச் சிரித்தார்கள். மாமாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகிழினி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு படம் அவளுக்கு அமைந்ததில்லை. வரிசை ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம்.

அழுவது யாருக்கும் கேட்கக் கூடாதென்று குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டேன்.

தம்பிக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அக்கா, உங்க போட்டோ தனியா ஒண்ணு அனுப்புங்க, அங்கன ஒட்டிருவோம்" என்றார். ரோஸ் நிறப் பட்டுச் சேலையில் எடுத்ததை அனுப்பினேன். ஒட்டி அனுப்பினார். நீலப் புள்ளி போட்ட கூட்டத்தின் ஓரத்தில், ஒரு துளி ஈரமில்லாமல், தரையில் காலும் பாவாமல், லேசான ஒளியோடு அமைதியாகப் புன்னகைத்துக்கொண்டு நின்றேன்.

அத்தை போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். அடுத்த கணம் கட்டிலில் போட்டுவிட்டார். "அடி ஆத்தீ! கல்யாண போட்டோவுல செத்தவுகளத்தானே இப்படி ஒட்டுவாக! புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இது என்ன அபசகுனம்? அழிக்கச் சொல்லுடா மொதல்ல!"

என் கணவர் அழித்தார். அத்தை அதோடு விடவில்லை. என்னை உட்காரவைத்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்.

ஆகவே, கூடத்தில் இப்போது இருப்பது ஒட்டாத படம். பழையதை எடுத்துவிட்டு அத்தையே நின்று மாட்டவைத்தார். பொங்கலுக்குப் பிறகு வந்த எந்த விருந்தாளியும் அதைப் பார்க்காமல் போனதில்லை. அத்தை ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டி முடித்ததும் கேள்வி வரும்: "மருமகளக் காணமே?"

"எல்லாரும் யாரைப் பாத்துச் சிரிக்கிறாகன்னு பாருங்க. அங்கன கெடக்கா" என்பார் அத்தை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டியிலிருந்து மாமாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். பதிலைக் கேட்டுவிட்டு, படத்தையும் காபித் தட்டோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை பேரு இப்படிச் சிரிக்கிறாகளே, அப்படி என்னத்தச் செஞ்ச ஆத்தா?" என்றார்.

மாமா செய்தித்தாளை மடித்தார். மகிழினி ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். நான் காபித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகினேன்.