நாற்பத்தொரு கோலும் இரண்டு கோலும்

பாளையங்கோட்டை,
1912 ஜனவரி 7, ஞாயிறு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உத்தியோகம் வகிப்பவரும், எங்கள் குடும்பத்துக்குக் கிரீடமும் சமயத்தில் தலைவலியுமானவருமாகிய மகாகனம் பொருந்திய மச்சான் வேதநாயகம் அவர்களுக்கு, மாட்டுத் தரகன் அருமைநாயகம் தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், உங்கள் மனைவியாகிய என் தங்கை சாலோமி, உங்கள் குமாரன் கிருபைராஜ், இரண்டு உழவு மாடு, ஒரு கிடாரி எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் அட்டைக்கடி இல்லாமல் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையைத் தள்ளி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் வேலைக்கு நம்ம கிருபைராஜும் அவனோடு ஆடும் இன்பமணியும் போட்டி என்று கேள்விப்பட்டு, இருவரும் இதுவரை புட்பாலில் போட்ட கோல் எத்தனை என்று நீங்கள் அவனிடமே கேட்டு எழுதினீர்கள். அந்தப் பைத்தியக்காரனும் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்து, இன்பமணி நாற்பத்தொன்று, அடியேன் இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினான். உடனே நீங்கள், “இரண்டு கோல் போட்டவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? அடுத்த கப்பலில் வந்து என்னோடு பேனா பிடிக்கட்டும்” என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். மச்சான், கழுகுமலைச் சந்தையில் இருபத்தைந்து வருஷம் மாடு பார்த்தவன் சொல்கிறேன், இந்தக் காளை இதுவரை எத்தனை ஏக்கர் உழுதது என்று எவனாவது கேட்டதுண்டா? அப்படிக் கேட்டால் கிழட்டு மாடுதானே ஜெயிக்கும்! நாங்கள் பல்லைப் பார்ப்போம், திமிலைப் பார்ப்போம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்போம். இன்பமணிக்கு வயது முப்பது. பத்து வருஷமாக உதைக்கிறான். அந்த நாற்பத்தொன்றில் பாதி, அரைக்கால் சட்டைப் பையன்களோடு ஆடிப் போட்டது. நம்மவனுக்கு இருபது. மூன்று வருஷமாகத்தான் ஆடுகிறான், அதுவும் இடது ஓரத்தில். பந்தைக் கறந்து கொடுப்பவன் இவன், குடித்து ஏப்பம் விடுபவன் அவன். நோட்டில் ஏப்பத்தைத்தான் எழுதுகிறார்கள்.

நேற்றுச் சனிக்கிழமை தூத்துக்குடிக் கூட்டத்தோடு ஆட்டம். இதைப் பார்த்துத்தான் வேலையை முடிவு செய்வேன் என்று பள்ளிக்கூடத்துப் பெரிய துரை சொல்லியிருந்தார். தூத்துக்குடிக்காரர்கள் பூட்ஸ் போட்டவர்கள். நம்மவன் வெறுங்காலன். மச்சான், நீங்கள் ஊருக்கு வந்து நாலு வருஷமாகிறது, அதனால் உங்களுக்குத் தெரியாது, அவன் ஓடினான் என்று சொல்லக்கூடாது, மழைக்காலத்துத் தாமிரபரணி மடை உடைத்தமாதிரி வந்தான். மூன்று பூட்ஸ்காரர்கள் மறித்தார்கள். பைய நின்றான். இடுப்பை மட்டும் ஆட்டினான். மூன்று பேரும் மூன்று திசையில் போனார்கள். ஒருவன் வேலிக்கு வெளியே நின்ற பதநீர்க்காரியின் பானையில் போய் விழுந்தான். இவன் பந்தை இன்பமணியின் காலடியில் வைத்தான், அவன் தட்டினான், கோல். இப்படியே மூன்று தரம். மூன்றுக்கு ஒன்று என்று நாம் ஜெயித்தோம். ஆகவே இன்றைய கணக்குப்படி இன்பமணிக்கு நாற்பத்துநாலு, நம்மவனுக்கு அதே இரண்டு. ஜென்மத்தில் இதைவிட நன்றாக ஒருவன் ஆட முடியாது, நோட்டோ ஒரு புள்ளி அசையவில்லை!

ஆட்டம் முடிந்ததும் இன்பமணியின் தாயார் சாரம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ மாட்டுத் தரகரே, எம் மவனுக்கு நாப்பத்துநாலு, ஒம்ம மருமவனுக்கு ரெண்டு. எது பெருசு? சொல்லும்வே!”

“அக்கா, தென்னையில ஏறிப் பறிச்சுப் போடுதவன் ஒருத்தன், கீழ நின்னு கூடையில பொறுக்குதவன் ஒருத்தன். கூடையை எண்ணிட்டு, பொறுக்குனவன்தான் மரம் ஏறுனாம்னு சொல்லுவியளோ?”

“ஏறுனவன் எறங்கட்டும், வேலை எம் மவனுக்குத்தான்!”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நேரே துரையிடம் போய், சந்தைப் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, துண்டுக்குள் அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். எங்கள் தொழிலில் பேச்சு விரலில்தான், வாயில் இல்லை. துரை திகைத்துப்போய், வெள்ளைக்கார மரியாதையாக என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். ஐந்தும் பிடித்தால் பேரம் படிந்தது என்று அர்த்தம். “முடிஞ்சுது! முடிஞ்சுது!” என்று நான் கத்த, சாலோமி மைதானத்திலேயே முழங்காலில் நின்று தோத்திரம் சொல்ல, சாரம்மாள் மண்ணை வாரித் தூற்ற, துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்முடைய பிரசங்கத் தமிழில் சொன்னார்: “அருமைநாயகமே, யாதொன்றும் முடியவில்லை. திங்கட்கிழமை சொல்லப்படும். ஆனாலும் உம்முடைய மருமகனின் கால்களுக்குக் கண்கள் உண்டு.”

நாற்பத்துநாலு பேர் வந்து சொன்னாலும் இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகுமா? கிருபைராஜ் என்னிடம், “மாமா, இன்னமே ஆட்டத்துக்கு வரும்போது துண்டை வீட்டுல வச்சிட்டு வாரும்” என்றான். வேறு கோபமில்லை. ஆகையால் மச்சான், அவனை இலங்கைக்கு இழுக்காதீர்கள். அவன் கால் இந்த மண்ணில் நிற்கட்டும். நாளைக்கு வேலை கிடைப்பது, நான் மாடு பார்க்கத் தெரிந்தவன் என்பது எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம்.

சாலோமியின் நமஸ்காரமும், கிருபைராஜின் வணக்கமும், இந்தத் தாமிரபரணிக் கரையின் காற்றும் உங்களை வந்து சேர்வதாக. கர்த்தர் உங்களுக்கு நீடிய ஆயுளையும், கூட்டல் கழித்தலிலிருந்து கொஞ்சம் விடுதலையும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மச்சான்
அருமைநாயகம்

பின்குறிப்பு: இன்று திங்கள். வேலை இன்பமணிக்குப் போய்விட்டது. நான் துண்டில்லாமல் சண்டைக்குப் போனேன். துரை சொன்னார்: “நாற்பத்துநாலு போட்டு ஓய்ந்தவன் விசில் ஊதட்டும். இவன் இன்னும் ஆடவேண்டியவன், இவனை விசிலில் கட்டிப்போடுவது பாவம்.” கண்டிப் பக்கம் துரைமார் வைத்திருக்கும் புட்பால் கூட்டத்துக்கு ஆள் தேவையாம். கடிதம் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறான். ஆகையால் மேலே இலங்கைக்கு இழுக்காதீர்கள் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சாலோமி அழுகிறாள். நான் அழவில்லை, மூக்குப்பொடி காரம். நீங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து நில்லுங்கள். பதினாறு வயதில் பார்த்த பிள்ளை, இப்போது மீசை வைத்திருக்கிறான், முகம் பிடிபடாது. நூறு பேர் இறங்குவார்கள். எவன் நடையைப் பார்த்ததும் உங்களுக்கு நெஞ்சு நிமிர்கிறதோ, அவன்தான்.