ஐந்து மொழிப் பலகையும் அம்மாவின் ஜனாஸாவும்

அன்புத் தம்பி நுஸ்ரத்துக்கு, புகாராவிலிருந்து அண்ணன் ஹைதர்குல் சலாம் கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அம்மாவைத் தவிர. நீ போனை எடுப்பதில்லை. ஆகவே நீ வேலை செய்யும் கசானுக்கே பஸ் ஏறும் நம் தெருத் தோலிப்பிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் ஜனாஸாவை, அந்தக் கடைசித் தொழுகையை, ஒரு படம்கூட எடுத்து அனுப்பவில்லை என்று அக்காவிடம் குறைப்பட்டாயாமே. நான் பள்ளிவாசல் காவலன் என்பது மறந்துபோச்சா? தொழுகை நேரத்தில் படம் எடுக்கக் கூடாது என்று ஐந்து மொழிகளில் பலகை எழுதி மாட்டியவனே நான்தான். வருகிறவர்கள் முதலில் அந்தப் பலகையைத்தான் படம் எடுக்கிறார்கள், அந்தக் கொடுமையை விடு. அன்று அத்தான் போனைத் தூக்கினார். "உள்ள வைங்க அத்தான், ஊருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?" என்றேன். வைத்துவிட்டார். அம்மாவைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினோம். நம் வழக்கப்படி துக்கத்துக்கு மகன்கள் ஆளுக்கொரு கம்பூன்றி நிற்க வேண்டும், உனக்கோ முதலாளி லீவு தரவில்லை, அதனால் உன் கம்பையும் நானே இடது கையில் பிடித்திருந்தேன். பார்த்தால் தூணுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருத்தன், கை நீளத்துக்குக் கேமரா, சடக் சடக்கென்று எடுத்துத் தள்ளுகிறான். எனக்கு வந்ததே கோபம். தொழுகை முடிந்த கையோடு உன் கம்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன்.

"அழி. இப்பவே அழி."

"மன்னிச்சிடுங்க பெரியவரே. நீங்க ரெண்டு கம்பு பிடிச்சு நின்னதைப் பார்த்ததும் கை தானா போயிடுச்சு. இன்னொண்ணு யாரோடது?" என்று ரஷ்ய மொழியில் கேட்டான்.

"வராதவனோடது. நீ அழி."

ஒவ்வொன்றாக அழித்தான். நான் விடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தூக்க வந்தவர்கள் எனக்காகக் காத்து நின்றார்கள். அதுவரை அம்மாவும் வெயிலில் கிடந்தாள்.

ஆகவே இனிப் படம் கேட்காதே. சட்டம் சட்டம்தான். அம்மாவுக்காக துஆ செய், அது போதும். வேளைக்குச் சாப்பிடு, கூரை வேலைக்கு ஏறினால் இடுப்பில் கயிறு கட்டிக்கொள். அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

இப்படிக்கு,
அண்ணன் ஹைதர்குல்

பி.கு.: சிவப்புத் தொப்பிக்காரன் தனக்கும் கசான்தான் என்றான். பாவி நான், பேர் கேட்கவில்லை. எங்காவது கண்ணில் பட்டால், அழித்த படத்தைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று கேள். காலில் விழுந்தாவது கேள். கடைசியாக அழித்த படத்தை நான் பார்த்தேன். அதில் அம்மா, இமாம், நான். என் கம்பு சாய்ந்திருந்தது, உன்னுடையது நேராக நின்றது.